'கிருமி இல்லை' என்ற பிறகு

போன தைப்பூசத்துக்கு எங்கள் புளோக் அக்கா பால்குடம் எடுக்கவில்லை. வீட்டில் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். உண்மையான காரணம், இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்துபோய்ச் சேருவதற்குள் எத்தனை முறை கழிவறை தேட வேண்டியிருக்குமோ என்ற பயம். அது எனக்கு மட்டும் தெரியும். அவருக்கு முன்பே நானும் அப்படியொரு பொய் சொன்னவள்தான். என் பொய் ஒற்றைத் தலைவலி.

அடிக்கடி சிறுநீர் முட்டுவது, சிறுநீர்ப்பை வலிப்பது, நம்மிடம் இதற்கெல்லாம் இருப்பது ஒரே சொல், நீர்க்கடுப்பு. அதைச் சொன்னதுமே வைத்தியமும் முடிவாகிவிடும். "உடம்பு சூடு, பார்லி தண்ணி குடி." அம்மா சொன்னார், மாமியார் சொன்னார், டேக்கா சந்தையில் காய்கறி விற்பவரும் சொன்னார். பார்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்குச் சிறுநீர்ப்பை நிறைய நிறையத்தான் வலிக்கும், காலியானால் கொஞ்சம் அடங்கும். அப்படிப்பட்டவளை ஜாடி ஜாடியாகக் குடிக்கச் சொன்னால் என்ன ஆகும்?

கிளினிக்கிலும் கதை அதேதான். போகும்போதெல்லாம் ஆன்டிபயாடிக். இரண்டு மூன்று நாள் கழித்து சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வரும், கிருமி இல்லை என்று. நான்காவது முறை கேட்டேவிட்டேன்: "கிருமியே இல்லை என்றால் இந்த மாத்திரை எதைக் கொல்கிறது, டாக்டர்?" டென்ஷனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

என் கோபமெல்லாம் அந்த இடத்தில்தான். கிருமி இல்லை என்பது ஒரு பரிசோதனையின் முடிவு, அவ்வளவுதான். வலி இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. கிருமியோ வேறு தெளிவான காரணமோ இல்லாமலேயே ஆறு வாரத்துக்கு மேல் சிறுநீர்ப்பையில் வலியோ அழுத்தமோ இருந்து, அடிக்கடி போக வேண்டியும் வந்தால் அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது: இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். புதிய நோயும் இல்லை. 1915இலேயே பால்டிமோரில் கை ஹன்னர் என்ற மருத்துவர் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் புண்களைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் புண்ணும் இருக்காது. உள்ளே கேமரா குழாய்விட்டுப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி மட்டும் இருக்கும்.

பலதுறை மருந்தகம் (அரசாங்க பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு சிறப்பு மருத்துவரைப் பார்த்தேன். அந்த வழியில் போனால் மானியம் கிடைக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். அந்த அம்மா முதலில் கேட்டது மூன்று நாள் கணக்கு: எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு மில்லி. கேக் செய்யும் அளவுக் குவளையைக் கழிவறையில் ஒளித்து வைத்தேன் (இப்போது வேறு குவளை வாங்கிவிட்டோம், பயப்படாமல் கேக் சாப்பிட வாருங்கள்). போனதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான்: 90, 110, 80 மில்லி. இரவில் மட்டும் நான்கு முறை. அந்தத் தாளைப் பார்த்த பிறகு டென்ஷன் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

ஒரேயடியாகக் குணமாக்கும் மருந்து இதற்கு இல்லை. கோப்பி, தக்காளி, எலுமிச்சை, மிளகாய், சோடா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். எனக்குக் கோப்பிதான் எதிரி. ரசம் தப்பித்தது, முருகன் புண்ணியம். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பிசியோதெரபியும் நடக்கிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிரசவத்துக்குப் பிறகு சொல்லித்தருவார்களே, தசையை இறுக்கும் கெகல் பயிற்சி, அதை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இந்த வலி உள்ள பலருக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கும், தளர்த்தத்தான் வேண்டும். நான் யூடியூப் பார்த்து இரண்டு மாதம் இறுக்கி, வலியைக் கூட்டிக்கொண்டவள்.

காய்ச்சல் வந்தாலோ சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ கணக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

அக்காவுக்கு அடுத்த வியாழக்கிழமை பலதுறை மருந்தகத்தில் தேதி கிடைத்திருக்கிறது. நானும் கூடப் போகிறேன். வீட்டில் முழங்காலுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறாராம்.