மால் என்ன சத்திரமான்னு கேட்டவங்களுக்கு

நேத்து மாமா விஷயமா நான் போட்ட போஸ்ட்ட எல்லாரும் பாத்தாச்சு, கமெண்ட்டும் பாத்தாச்சு, அதனால முழுக் கதையையும் திரும்ப எழுதல. பாக்காதவங்களுக்கு ஒரு வரி: ஊர்லேந்து வந்திருக்கற என் மாமனார் ஒரு மால்ல நடந்துட்டு சேர்ல உக்காந்தார், செக்யூரிட்டி எழுப்பி விட்டுட்டான். எந்த மால்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அந்த செக்யூரிட்டி பையன் பாவம், சொல்லிக் குடுத்தத சொல்றான், "ஏதாவது வாங்கினாதான் இங்க உக்காரலாம்". அவன் மேல கோவம் அன்னிக்கி ராத்திரியோட போச்சு. எனக்கு எரியறது கீழ நம்மாளுங்க போட்ட கமெண்ட்டுதான். "மால் என்ன சத்திரமா, சும்மா வந்து உக்கார?" அதுக்கு லைக் வேற, ஹாஹா வேற.

ஆமாங்க, சத்திரம்தான். கூரை போட்ட மால முதல்ல டிசைன் பண்ணவர் மனசுல ஜனங்க சும்மா வந்து உக்காரணும், நடக்கணும், பேசணும்ங்கறதும் இருந்துச்சு. கடை மட்டும் இல்ல. இது என் கற்பனை இல்ல, மினியாபோலிஸ் பக்கத்துல நாம வாரா வாரம் கார்ல தாண்டிப் போற ஈடைனாவுலயே இருக்கு சாட்சி. சவுத்டேல் மால். (மாமா விஷயம் நடந்தது அங்க இல்ல, முன்னாடியே சொல்லிடறேன்.) 1956 அக்டோபர் 8ஆம் தேதி திறந்தாங்க. முழுசா கூரை போட்டு, உள்ள ஏசி ஹீட்டர் எல்லாம் வச்சு, ரெண்டு மாடியும் நடுவுல ஒரு பெரிய முற்றமுமா அமெரிக்காவுல வந்த முதல் மால். 72 கடை, 5200 கார் நிக்க இடம், 2 கோடி டாலர் செலவு. கட்டினது டேட்டன்ஸ் குடும்பம், மினியாபோலிஸ் டவுன்டவுன்ல பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வச்சிருந்தவங்க. அதே கம்பெனிதான் 1962ல ரோஸ்வில்லுல முதல் டார்கெட் கடைய திறந்துச்சு. இந்த குரூப்ல பாதிப் பேருக்கு சம்பளம் எங்கேந்து வருதுன்னு இப்ப யோசிச்சுக்கோங்க.

டிசைன் பண்ணவர் விக்டர் க்ரூன். வியன்னாக்காரர், யூதர், 1938ல ஹிட்லருக்கு பயந்து ஓடி வந்தவர், வந்தப்ப கைல எட்டு டாலர்தான்னு அவரே சொல்லிக்குவாராம். அவருக்கு அமெரிக்க புறநகரப் பாத்தா ஆகாது. எங்க பாத்தாலும் வீடு, கார், ரோடு, நாலு பேர் நின்னு பேச ஒரு இடம் கெடையாது. வியன்னாவுல காபி கடையும் சதுக்கமுமா வளந்த மனுஷன் இல்லையா. அதான் சவுத்டேல் நடுவுல மரம் வச்சார், சிற்பம் வச்சார், 21 அடி உயரத்துக்கு பறவைக் கூண்டு வச்சார், பெஞ்ச் போட்டார். பெஞ்ச்! எதுக்கு போட்டாராம்? பில்லு காட்டிட்டு உக்காரவா?

அவரோட ஒரிஜினல் பிளான் இன்னும் பெருசு. 463 ஏக்கர்ல வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பார்க், ஏரி, நடுவுல மால். ஒரு முழு ஊரு. நடந்தது என்ன, மால் வந்துச்சு, சுத்தி நில விலை ஏறிச்சு, ஊரு வரல, பார்க்கிங்தான் வந்துச்சு. திறந்த கொஞ்ச நாள்லயே பேர் போன ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாய்ட் ரைட் வந்து பாத்துட்டு, கிராமத்துத் தெருவோட கெடுதல் எல்லாம் இதுல இருக்கு, அழகு மட்டும் இல்லன்னு திட்டிட்டுப் போனார். அவர் யாரைத்தான் திட்டல, அத விடுங்க. ஆனா க்ரூனே கடைசில வெறுத்துட்டார். 1978ல லண்டன்ல பேசும்போது, இந்த முறைகேடா பொறந்த மாலுக்கெல்லாம் நான் ஜீவனாம்சம் குடுக்க முடியாதுன்னார். மாலுக்கே அப்பான்னு பேர் வாங்கினவர் சொன்ன வார்த்தை இது. அவர் எதுக்காக கட்டினாரோ அத எடுத்துட்டு கல்லாவ மட்டும் வச்சுக்கிட்டாங்க. அந்த கல்லாக்காரனுக்குத்தான் நீங்க நேத்து வக்கீல் வேலை பாத்தீங்க.

வக்கீல்னதும் ஞாபகம் வருது. "இட்ஸ் ப்ரைவேட் ப்ராப்பர்ட்டி, சிஸ்டர்"னு ஒருத்தர் வகுப்பு எடுத்தார். தெரியும் சார். இங்க இருக்கற பெரிய மால், மால் ஆஃப் அமெரிக்கா உள்ள, மிருக ரோமத்துல செய்யற ஃபர் கோட்டுக்கு எதிரா போராடினவங்க கேஸ்ல 1999ல மினசோட்டா சுப்ரீம் கோர்ட்டே அது தனியார் இடம்தான்னு சொல்லிடுச்சு. சட்டம் அவங்க பக்கம்தான், நான் கேஸ் போடப் போறதா எங்கயாவது சொன்னேனா? 75 வயசு மனுஷன் முட்டி வலியோட ரெண்டு ரவுண்டு நடந்துட்டு ஒரு சேர்ல உக்காந்தா எழுப்பறது சரியான்னு கேட்டேன். நீங்க பட்டாவ நீட்டறீங்க.

இன்னொரு தம்பி சொன்னதுதான் கொஞ்சம் குத்திச்சு. "அக்கா, 1956ல உங்க மாமாவ அந்த பெஞ்ச்ல உக்கார விட்டிருப்பாங்களா? ஈடைனாவுல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் வீடுன்னு பத்திரத்துலயே எழுதி வச்சிருந்த ஏரியா இருந்துச்சே"ன்னு. இருந்துச்சு, உண்மைதான். கன்ட்ரி க்ளப் ஏரியா பத்திரத்துல அப்படித்தான் இருந்துச்சு. இதுக்கு நான் என்ன சொல்ல? அன்னிக்கி விட்டிருக்க மாட்டாங்கன்னே வச்சுக்குவோம். இன்னிக்கி விடலாம்ல? அன்னிக்கி அவன் விட்டிருக்க மாட்டான்னு இன்னிக்கி நாமளே நம்ம ஆள எழுப்பி விடணுமா?

"வீட்டுலயே டிரெட்மில் வாங்கிக் குடுங்க"ன்னு சொன்ன புத்திசாலிக்கு தனியா ஒரு கும்பிடு.

மாமா கும்பகோணத்துல ஈ.பி.ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவர். ரிட்டயர் ஆனப்புறமும் விடியக்காலைல மகாமகக் குளத்த சுத்தி நடப்பார், வழில நாலு பேர நிறுத்திப் பேசுவார், ஒரு டீ, பேப்பர், எட்டு மணிக்கு வீடு. பேத்தி பொறந்தது டிசம்பர்ல, அதனால வந்தது வின்டர்ல. வெளில மைனஸ் இருபது. எங்க தெருவுல ப்ளாட்ஃபார்மே கெடையாது, சம்மர்லயே நடக்க முடியாது. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு, அத்தை குழந்தையோட, இவர் ஜன்னல்கிட்ட நின்னு பனி பெய்யறத பாத்துட்டே இருப்பார். ஒரு நாள் கேட்டார், "ஏம்மா, இந்த ஊர்ல மனுஷங்க எங்கதான் இருப்பாங்க?" அதுக்கு அப்புறம்தான் மால் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சோம். மங்கி குல்லாவும் ஷூவும் போட்டுக்கிட்டு காலைல மொதல்ல ரெடியாறது அவர்தான். ஒரு கொரியத் தாத்தா ஃப்ரெண்டு கூட ஆயிட்டார், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் கெடையாது, முட்டியக் காட்டி காட்டி பேசிக்குவாங்க.

காபி வாங்கிட்டு உக்காந்திருக்கலாம்லன்னு கேக்கறவங்களுக்கு, ஒரு காபி ஆறு டாலர்னா அவர் மனசுக்குள்ள ரூபாயா மாத்திப் பாப்பார், உங்க அப்பாவும் அதான் பண்ணுவார், நடிக்காதீங்க.

சவுத்டேல் திறந்த அன்னிக்கி 75 ஆயிரம் பேர் வந்தாங்கன்னு சொல்றாங்க. அத்தனை பேருமா பை நிறைய வாங்கிட்டுப் போயிருப்பாங்க? வேடிக்கை பாக்க வந்த கூட்டம்தான் பாதி இருக்கும். அந்தக் கூட்டத்த வச்சுத்தான் இந்த வியாபாரமே நின்னுச்சு. இங்க மினியாபோலிஸ் பக்கத்துல ப்ரூக்டேல் மால் 2010ல மூடி அடுத்த வருஷம் இடிக்க ஆரம்பிச்சாங்க, டெட்ராய்ட் பக்கம் க்ரூனே கட்டின நார்த்லேண்ட் 2015ல மூடினாங்க. அங்கெல்லாம் கெழவங்க உக்காந்துதான் நஷ்டமாச்சா? ஜனங்க வராததுதானே பிரச்சனை? வர்ற ஆளையும் எழுப்பி அனுப்பிட்டு என்னத்த விக்கப் போறீங்க, காலி சேரையா?

ஹாஹா போட்டவங்க லிஸ்ட்ட திறந்து பாத்தேன். பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வந்து, மாமா நின்னு பரிமாற, இன்னும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் போடுங்க அங்கிள்னு கேட்டு வாங்கி சாப்பிட்டவங்க பேரும் அதுல இருக்கு. யாரையும் அன்ஃப்ரெண்ட் பண்ணல. உங்க அப்பா அம்மாவுக்கும் விசா வரும், ஜனவரில அவங்கள எங்க கூட்டிட்டுப் போறதுன்னு இதே குரூப்ல வந்து கேப்பீங்கல்ல, அப்ப பேசிக்கலாம்.