5 சதவீத விதி அப்படிச் சொல்லவில்லை
மேலே ஒருவர், 'அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளைகள் ஆண்டுக்கு 5 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் யூதப் பள்ளியோ ஜெப ஆலயமோ விண்ணப்பித்தால் மறுக்க முடியாது' என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. முதலீட்டுச் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் யாருக்கு என்பதை அறங்காவலர்கள்தான் முடிவு செய்வார்கள். பெரும்பாலும் அந்தக் குடும்பத்து ஆட்கள்தான். நியாயமான நிர்வாகச் செலவுகூட அந்தக் கணக்கில் சேரும்.

சின்ன அறக்கட்டளைகள் பல, வெளியிலிருந்து விண்ணப்பமே வாங்குவதில்லை. வரித்துறைக்குத் தரும் 990-பிஎஃப் படிவத்தில் அதற்கென்றே இருக்கும் கட்டத்தில் டிக் அடித்துச் சொல்லிவிடுவார்கள். அது பொது ஆவணம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அந்த ஆண்டு யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலும் அதிலேயே உண்டு. சில அறக்கட்டளைகளின் நோக்கம் 'யூத நலன்' என்று பொதுவாக இருக்கும்; பட்டியலைப் பார்த்தால் ஒரே ஊர் ஜெப ஆலயமும் முதியோர் இல்லமும்தான் திரும்பத் திரும்ப வரும். விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுப் படிவங்களைப் புரட்டுங்கள். டிக் இருந்தால் விண்ணப்பத்தை விடுங்கள், அறங்காவலர்களில் யாரையாவது தெரியுமா என்று முதலில் பாருங்கள்.