முதுகைக் காட்டுங்கள் ஐயா

வேலூரைப் பற்றி ஊருக்குள் ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட எப்போதாவது வெள்ளம் பார்த்துவிடுகிறோம். ஆனால் பழைய ஆம்ப்ளிஃபயர் விற்கிற ஒரே ஒரு மனிதர், கேட்காமலே பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி இந்தக் கண்ணால் பார்த்ததில்லை.

மூன்று மாதமாக, குவாட் என்கிற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ப்ரீஆம்ப் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்; பிளேயர், ரேடியோ எல்லாவற்றையும் மாட்டி வால்யூம் வைக்கிற பெட்டி அது. மாமா விட்டுப்போன, ஸ்பீக்கரை ஓட்டுகிற குவாட் 303 பவர் ஆம்ப் காட்பாடி வீட்டில் சும்மா தூங்குகிறது. அதற்கு முன்னால் வைக்க ஒன்று வேண்டும், அவ்வளவுதான். 1967-இல் 303-க்கு ஜோடியாக வந்த 33 இருக்கிறது. 1979-இல் வந்த 44 இருக்கிறது. 1982-இல் வந்த 34 இருக்கிறது. இதோடு விட்டதா? 44, 34 இரண்டிலும் முதலில் வந்தவற்றில் டின் (DIN) சாக்கெட், அதாவது பல முள் செருகுகிற வட்ட சாக்கெட்; பிற்காலத்தில் வந்தவற்றில் இடது, வலதுக்குத் தனித்தனியாக ஒயர் மாட்டுகிற ஆர்சிஏ. முகமும் பழுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது. நிறத்தைப் பார்த்து சாக்கெட்டைச் சொல்லிவிடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் கழற்றி மாட்டியிருப்பார்கள்!

போன வாரம் ஆம்பூரிலிருந்து ஒரு போன். "44 சார், கடைசி மாடல், சூப்பர் கண்டிஷன்." பின்பக்கப் போட்டோ கேட்டேன். "நேர்ல வந்து பாருங்க சார்." சரி என்று மதிய வெயிலில் பஸ் பிடித்துப் போனேன். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. முகம் பளபளவென்று இருந்தது. திருப்பினேன். வரிசையாக டின் சாக்கெட். அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, யாரோ துளை போட்டு இரண்டு ஆர்சிஏ-வைத் திணித்து ஈயத்தைக் கொட்டியிருக்கிறார்கள். இதுதான் கடைசி மாடலாம்!

44-இல் உள்ளீடுகள் எல்லாம் செருகி எடுக்கிற மாட்யூல்கள். அதுதான் அதன் அழகே. இசைத்தட்டுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று. இசைத்தட்டு ஊசியில் இரண்டு வகை உண்டு; அதனால் அந்த மாட்யூலிலும் மூவிங் மேக்னெட்டுக்கு வேறு, மூவிங் காயிலுக்கு வேறு. என்னிடம் இருப்பது மூவிங் மேக்னெட் ஊசி. காயிலின் மிகச் சின்ன சிக்னலுக்கான மாட்யூலில் அதைக் கொடுத்தால் பாட்டு கிழிந்து வரும். உள்ளே எது இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஒண்ணுதான் சார். பாட்டு வருதா இல்லையா, அதப் பாருங்க."

எப்படி ஐயா ஒன்று? 33-இன் ரேடியோ உள்ளீடு 100 மில்லிவோல்ட்டுக்குச் செய்தது. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். இருபது மடங்கு. அப்படியே கொடுத்தால் வால்யூமை ஒரு நூல் திருப்புவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். அதே 33-இல் இசைத்தட்டுக்கான சின்னப் பலகையை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோமோ அதற்கேற்ப உள்ளீடு மாறும். முந்தைய ஆள் எப்படிச் செருகிவிட்டுப் போனார் என்று பார்க்க வேண்டாமா? வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டில் வைத்திருந்து, நான் பார்க்காமல் நம் 230-இல் செருகினால் பாட்டு வராது, புகைதான் வரும். இதெல்லாம் முகத்திலா எழுதியிருக்கிறது? பின்னால் பார்த்தால்தானே தெரியும்!

"கெபாசிட்டர் எல்லாம் புதுசா மாத்தியாச்சு" என்று ஒரு வசனம் வேறு. எல்லாரிடமும் இருக்கிறது இந்த வசனம். மூடியைத் திறக்கச் சொன்னால் திருப்புளி இல்லை. ஆம்பூர்க்காரரிடமும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் விற்கிறவர் வீட்டில் ஒரு திருப்புளி இல்லையாம்! அன்றைய பயணத்தில் உருப்படியாக நடந்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சாப்பிட்ட பிரியாணி மட்டும்தான்.

சென்னை ரிச்சி தெருவுக்கே போய்த் தேடு என்கிறான் நண்பன். போனேன், அங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? அலமாரியில் எல்லாப் பெட்டியும் முகம் காட்டி நிற்கிறது. ஒன்றைத் திருப்பப் போனால், "வாங்குறதா இருந்தா தொடுங்க" என்கிறார்கள். திருப்பிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால்கூட நாலு கேள்வி கேட்க விடுவார்கள்.

நேற்று குடியாத்தத்திலிருந்து ஒருவர், 34 இருக்கிறது, 28,000 ரூபாய் என்றார். மூன்று முறை எழுதினேன்: அண்ணா, பின்பக்கம். பின்பக்கம் மட்டும். ஒயர் மாட்டுகிற பக்கம். இரவு பதினோரு மணிக்குப் படம் வந்தது. பழுப்பு முகம், பட்டன்களுக்கு மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. கீழே ஒரு வரி: "ஃபுல் வியூ சார்."