641 எங்கிருந்து வருகிறது?

ஒரு பெரிய எண்ணின் பண்புகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். 4294967297-க்கு அது இப்படி இருக்கும்: இலக்கங்களின் கூடுதல் 59, வகுத்திகள் 4, வகுத்திகளின் கூடுதல் 4301668356. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 59-இல், 9-ஆல் வகுத்தால் வரும் மீதியைத் தவிர உருப்படியாக ஒன்றும் கிடையாது. மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது எண்ணின் வடிவத்தைத்தான். இது 2³²+1.

1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு 2-ஐ உயர்த்தி 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இப்படியே தொடரும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். அடுத்த எண் இதுதான். 1732-இல் கணிதர் ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

இதன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும். அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கையில் 2³² விடும் மீதி −1 (அதாவது p−1). எனவே 2⁶⁴ விடும் மீதி 1. மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கே 64தான். 2-ஐ p−1 அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 வரும் (ஃபெர்மாவின் சிறிய தேற்றம்). ஆகவே p−1 என்பது 64-இன் மடங்கு. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது! பின்னாளில் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 64-ஐ 128 ஆக்கினார். அதன்பின் மிஞ்சுவது 257, 641 மட்டுமே.

சரிபார்க்க வகுக்கக்கூட வேண்டாம். 641 = 5×2⁷+1; 641 = 5⁴+2⁴. முதலாவதன்படி 5×2⁷ விடும் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ விடும் மீதி 1. 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடுங்கள்: −2³² விடும் மீதி 1. முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி. இந்த எண் 65536²+1², அதுவே 62264²+20449². ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே விதமாகத்தான் எழுத முடியும். இங்கே இரண்டு விதம் இருப்பதால் இது பகு எண். காரணியும் இதிலேயே இருக்கிறது. ஒற்றைப்படை எண்களின் வித்தியாசம் 20449−1 = 20448; இரட்டைப்படை எண்களின் வித்தியாசம் 65536−62264 = 3272. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. அதே ஜோடிகளின் கூடுதல்கள் 127800, 20450; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. 8, 50 இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. 4²+25² = 641.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த எண்ணில் இரண்டு பள்ளங்கள் உண்டு. 32-பிட் மாறியில் வைத்தால் இது வெறும் 1 ஆகிவிடும். 64-பிட்டிலும் சிக்கல் தீராது: மீதிகளிலேயே பெரியதான 2³²-ஐ வர்க்கப்படுத்தினால் 2⁶⁴, அது கொள்ளாமல் 0 ஆகும். அடிமானம் 2 வைத்துப் பகாத்தன்மையைச் சோதித்தால், அதாவது 2-ஐ இந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்த்தால், சரியாக அந்தப் படியைத்தான் மிதிப்போம். பிழையான நிரல் 0 பெற்று 'பகு எண்' என்று சொல்லும். பிழையில்லாத நிரல் 1 பெற்று 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று ஏமாறும். பெருக்கலை 128-பிட்டில் செய்யுங்கள், அடிமானமாக 3-ஐ எடுங்கள். 3-ஐ 2³¹ அடுக்குக்கு உயர்த்தி மீதி −1 வந்தால் மட்டுமே பகா எண் என்பது 1877-இல் பெப்பின் தந்த சோதனை. இந்த எண்ணுக்கு −1 வராது.