அம்மாவைத் திட்டினால் வாய்ப்பாடு வந்துவிடுமா?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், போதை விழிப்புணர்வுக் கூட்டம். ஒன்பதாவது படிக்கும் பையனை எழுப்பி நிறுத்தி ஏழாம் வாய்ப்பாடு கேட்கிறார் சிறப்பு விருந்தினர். நாலேழு இருபத்தெட்டோடு அவன் நின்றுவிடுகிறான். உடனே மைக்கில், "வயித்துல இருக்கும்போதே ஆத்தாக்காரி ஊத்திக்கிட்டா மண்டை இப்படித்தான் இருக்கும்." கைதட்டல் வேறு.

ஐயா சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எரிச்சல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

கர்ப்பிணி குடித்தால் மது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அதைச் சமாளிக்க அந்தச் சின்னக் கல்லீரலால் முடியாது. 1973-லேயே அமெரிக்காவில் சியாட்டிலைச் சேர்ந்த ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே மருத்துவம், இப்படிப் பாதிக்கப்பட்ட பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை ஏன் படிக்கவில்லை? முகத்தில் தெரியும் அடையாளம் பலருக்கு இருப்பதே இல்லை. இருந்தாலும் வளர வளர மங்கிவிடும். பேச்சு சரளமாக வரும். அறிவுத்திறன் சோதனையில்கூடத் தேறிவிடலாம். அடிபட்டிருப்பது வேறு இடத்தில்: திட்டமிடுவது, அவசரப்படாமல் இருப்பது, இரண்டு விஷயங்களை ஒன்றாக மனதில் வைத்திருப்பது. கணக்கில் இது பளிச்சென்று தெரியும். நேற்று ஒப்பித்தது இன்று இருக்காது. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் திமிர்.

தெரிந்துகொண்டது எதற்கு? பாடம் நடத்தும் விதத்தை மாற்றவா, திட்டுவதற்கு இன்னொரு வார்த்தை கிடைத்ததென்றா?

என் தம்பி கதையைச் சொல்கிறேன். இருபது ரூபாய் கொடுத்து சர்க்கரை, சோப்பு, தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால் தீப்பெட்டியோடு வந்து நிற்பான். மீதி எங்கேடா என்றால் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். எஸ்டேட்டில் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போனால் மட்டும் அவன் கூடையில் ஒரு பச்சைக் காய் இருக்காது. எட்டாவதில் ஒரு டீச்சர் வந்தார். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல், ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு கணக்கு எழுதிக் கொடுப்பார். முடித்தால் அடுத்த தாள். அந்த வருஷம்தான் கணக்கில் முதல்முறையாகப் பாஸ். மற்ற வாத்தியார்கள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

"ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், தாள் தாளாக யார் எழுதிக் கொடுப்பது?" என்பீர்கள். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. மைக் பிடித்து அவமானப்படுத்த மட்டும் நேரம் எப்படிக் கிடைத்தது என்பதையும் யோசியுங்கள். "அப்போ பொம்பளைங்க குடிக்கலாம்ங்கறியா?" என்று ஒருவர் வருவார். வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். மேலே எழுதியதை இன்னொருமுறை படியுங்கள். "எங்க ஊர்ல எத்தனையோ பேர் குடிச்சாங்க, பிள்ளைங்க நல்லாத்தான இருக்காங்க" என்பவருக்கு: எல்லோருக்கும் ஒரே மாதிரி தாக்காது. எவ்வளவு, எந்த மாதத்தில், சாப்பாடு இருந்ததா, எல்லாம் சேர்ந்துதான்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் கொக்கெய்ன் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளை ஒட்டுமொத்தமாக உருப்படாதவர்கள் என்று ஒருகாலத்தில் எழுதித் தள்ளினார்கள். பிலடெல்பியாவில் 1989-லிருந்து அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், அந்தப் போதைப்பொருளைவிட வறுமை போட்ட அடிதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு வாய்ப்பாட்டை வைத்து நம் விருந்தினர் அதையெல்லாம் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பையனின் அம்மா குடித்தாரா என்று அவருக்கு யார் சொன்னது? வீட்டில் யார் குடித்தார்கள் என்று கேட்டாரா? ரத்தசோகை இருந்ததா என்று கேட்டாரா? அப்பா என்ற சொல்லே அந்த வீடியோவில் வரவில்லை, கவனித்தீர்களா?

இதை எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எவரோ அந்த வீடியோவைப் போட்டுவிட்டார். அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். தம்பி வயிற்றில் இருந்தபோது மார்கழிக் குளிரில் பழம் பறிக்கப் போவார். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று பாட்டிதான் வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுப்பார். எத்தனை நாள் என்று அம்மாவுக்கே ஞாபகமில்லை. நேற்று ராத்திரி போனை நீட்டி, "ஏங்கண்ணு, அதனாலதான் தம்பிக்கு அப்படி ஆச்சா?" என்றார். தெரியாதும்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்களில் மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். அம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.