சுவரில் எப்போதும் ‘இரண்டு மடங்கு’ அல்ல

வட்டச் சுரங்கத்தின் சுவரில் தகைவு (ஓரலகு பரப்பில் செயல்படும் விசை) வெட்டுவதற்கு முன் இருந்ததைப் போல இரண்டு மடங்காகும் என்று உங்கள் கட்டுரையில் பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். நாலா பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால்தான் அது சரி. 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் தந்த தீர்வின்படி, வெட்டுவதற்கு முன் பாறையில் இரு திசைகளில் இருந்த தகைவுகளில் பெரியதை மூன்றால் பெருக்கிச் சிறியதைக் கழித்தால் வருவதே சுவரில் உச்சம். துளையின் விட்டம் இதில் வரவே வராது. மாணவர்கள் லேசில் நம்ப மாட்டார்கள்!

கனடாவின் மானிட்டோபாவில், 420 மீட்டர் ஆழத்தில், கிரானைட்டில் 3.5 மீட்டர் விட்டத்துக்கு ஒரு சோதனைச் சுரங்கம் வெட்டினார்கள். வெடி வைக்கவில்லை, வரிசையாகத் துளை போட்டுப் பாறையைப் பிளந்தெடுத்தார்கள். அங்கே பெரிய தகைவு கிட்டத்தட்ட கிடைவாக்கில், சுமார் 60 மெகாபாஸ்கல் (தகைவின் அலகு), சிறியது 11. கணக்குப் போட்டால் 169. ஆய்வகத்தில் அந்தக் கல் 200க்கு மேல் தாங்கியது. அப்படியென்றால் சுரங்கம் அசையாமல் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. கூரையிலும் தரையிலும் மெல்லிய சில்லுகளாக உரிந்து ஆப்பு வடிவில் பள்ளம் விழுந்தது. பக்கச் சுவர்களில் அந்தச் சேதம் இல்லை. ஆய்வகத்து வலிமையை அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்பில்லாததற்கு இதுதான் காரணம்.

களிமண்ணில் கதையே வேறு. மண் சீக்கிரமே நெகிழ்ந்துவிடும், உச்சத் தகைவு சுவரை விட்டு உள்ளே தள்ளிப்போகும், கிர்ஷ் சூத்திரம் அங்கே செல்லாது. சுரங்கத்தைத் தாங்கும் வளையத்தை எப்போது பொருத்துவது என்பதே அங்கே பெரிய கேள்வி. அதை அடுத்த பகுதியில் விரிவாக எழுதுங்கள்.