குறுகிய கால ரகமும் விளைச்சலும்
சீக்கிரம் முதிரும் பயிர் ரகம் மரபணுப்படியே குறைவாகத்தான் விளையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீரும் குளுமையும் நீடிக்கும் நிலத்தில் அது பெரும்பாலும் உண்மைதான். எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. கோதுமையில் பூக்கும் காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை குளிர்த் தேவையையும் (பூப்பதற்கு முன் பயிருக்கு வேண்டிய குளிர்) பகல் நீள உணர்வையும் (பகலின் நீளத்தைப் பொறுத்துப் பூப்பது) ஆளும் சில மரபணுக்கள். விளைச்சலோ ஏராளமான மரபணுக்களின் கூட்டு விளைவு என்பதால் சீக்கிர முதிர்வையும் நல்ல விளைச்சலையும் ஒரே ரகத்தில் சேர்க்க முடியும், பருவக் கடைசியில் வெயிலோ வறட்சியோ தாக்கும் இடத்தில் முந்தி முதிர்வதே மணியைக் காக்கும்.

நம் ராமநாதபுரக் கரையோர மானாவாரி (மழையை மட்டும் நம்பிய) நெல்லுக்கும் இதே கதைதான். சரிபார்க்க விரும்புவோர், வயதில் வேறுபட்ட இரு ரகங்களை ஒரே நாளில் அருகருகே விதைத்து, மழை ஓய்ந்து முதிர்ந்தபின் இரண்டையும் அறுத்து, மணியை ஒரே அளவு காயவைத்து எடை பார்க்கலாம். இறவை (நீர் பாய்ச்சும்) வயலின் விளைச்சல் கணக்கை மட்டும் மானாவாரியோடு ஒப்பிட வேண்டாம்.